களிக்குப் பல் வேண்டுமா?



'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்ற பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சோற்றை அள்ளி அள்ளி விழுங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்வது இது. ஓசூருக்கு அருகில், தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே அணை கட்டியிருக்கும் கெலவரப்பள்ளிதான் என் ஊர். அங்கே என் பாட்டியும் இதைத்தான் சொல்வார். ஆனால் தட்டில் கேழ்வரகுக் களி உருண்டை சுடச்சுட வந்து விழுந்ததும் அதே பாட்டி வேறு பாட்டுப் பாடுவார்.

"களியை மெல்லாதே, பல்லுலே ஒட்டிக்கும். குழம்புலே தொட்டு அப்படியே முழுங்கு!"

எங்கள் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கும். களியைக் கன்னடக்காரர்கள் முத்தே என்பார்கள். தெலுங்குக்காரர்கள் சங்கட்டி என்பார்கள். பெயர்தான் வேறு; விழுங்குகிற முறை எல்லாருக்கும் ஒன்றுதான்.

நொறுங்கத் தின்ன வேண்டும் என்பதும் பாட்டி சொன்னதே. மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பதும் பாட்டி சொன்னதே. இரண்டில் எது சரி? நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். உணவை மெல்லுவது மருத்துவர்களின் விஷயம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் அதற்குள் பௌதிகமும் இருக்கிறது, அளவையும் இருக்கிறது, நம் வீட்டு முதியவர்களின் உடல்நலமும் இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

பல் செய்யும் வேலை

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமான தேங்காய்ச் சில்லு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு முகங்கள். ஒவ்வொரு முகமும் 1 சதுர சென்டிமீட்டர். ஆகவே மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். இப்போது அதை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள். 1000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் பரப்புகளைக் கூட்டினால் 60 சதுர சென்டிமீட்டர் வரும். தேங்காயின் அளவு கூடவில்லை. பரப்பு மட்டும் பத்து மடங்காகிவிட்டது.

செரிமான நீர்கள் உணவின் மேற்பரப்பில்தான் முதலில் வேலை செய்ய முடியும். பரப்பு பெருகினால் அவற்றின் வேலை விரைவாகும். விறகுக் கட்டையைவிடச் சிராய்கள் விரைவில் பற்றிக்கொள்வது போலத்தான் இதுவும். உணவின் பரப்பைப் பெருக்குவதுதான் பற்களின் முதல் வேலை.

இரண்டாவது வேலையும் உண்டு. மெல்லும்போது உணவு உமிழ்நீருடன் கலந்து, வழுக்கும் உருண்டையாகிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நமக்கு உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. வெறும் சோற்றைச் சற்று நேரம் மென்றால் இனிப்பது இதனால்தான்.

வளர்ந்த மனிதருக்கு 32 பற்கள். வெட்டும் பற்கள் 8, கிழிக்கும் கோரைப்பற்கள் 4, முன்கடைவாய்ப் பற்கள் 8, பின்கடைவாய்ப் பற்கள் 12. அரைக்கும் வேலை முழுவதும் கடைவாய்க்குத்தான். இந்த வேலையை இயற்கை ஏன் பின்னால் ஒதுக்கியது? இங்கேதான் பௌதிகம் வருகிறது.

தாடை என்னும் நெம்புகோல்

உங்கள் காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். ஒரு மூட்டு அசைவது தெரிகிறதல்லவா? அதுதான் தாடை நெம்புகோலின் ஆதாரப்புள்ளி. இனிப் பற்களை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாகப் புடைக்கும் தசைதான் நெம்புகோலை இழுக்கும் விசை. இரு பற்களுக்கிடையே அகப்பட்ட உணவு, பளு.

நம் வீட்டுப் பாக்குவெட்டியில் மூட்டு ஒரு கோடியில், கைப்பிடி மறு கோடியில், பாக்கு நடுவில் இருக்கும். ஆகவே சிறு விசையால் பெரிய வேலை நடக்கிறது. தாடையிலோ, தசை மூட்டுக்கு அருகில் இழுக்கிறது. பற்கள் அதைத் தாண்டி இருக்கின்றன. எளிய கணக்குக்காக, தசை மூட்டிலிருந்து 3 சென்டிமீட்டரிலும், கடைவாய்ப்பல் 6 சென்டிமீட்டரிலும், முன்பல் 10 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். தசைகள் 1000 நியூட்டன் விசையுடன் இழுத்தால், கடைவாயில் கிடைப்பது 500 நியூட்டன். முன்பல்லில் 300 நியூட்டன் மட்டுமே. மூட்டை நெருங்க நெருங்கக் கடிக்கும் விசை கூடுகிறது. கரும்பைக் கடிக்கும்போது நாம் தாமாகவே வாயின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோவதன் காரணம் இதுவே.

இன்னொன்றும் கவனியுங்கள். உரல் இருந்து உலக்கை இல்லாவிட்டால் நெல் குத்த முடியாது. மேல் கடைவாய்ப்பல் போய்விட்டால் அதற்கு நேர் கீழே இருக்கும் நல்ல பல்லும் வேலையற்றதாகிவிடுகிறது. ஆகவே பற்களை ஒவ்வொன்றாக எண்ணுவதைவிட, ஒன்றோடொன்று பொருந்தும் ஜோடிகளாக எண்ணுவதே பொருத்தம்.

வேர்க்கடலையும் சல்லடையும்

ஒருவர் நன்றாக மெல்கிறார் என்பதை எப்படி அளப்பது? "நன்றாக மெல்ல முடிகிறதா?" என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் "முடிகிறது" என்றே சொல்வார்கள். அது அளவை ஆகாது.

1950-இல் அமெரிக்காவில் மான்லி, பிரேலி என்னும் ஆராய்ச்சியாளர்கள் எளிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், நம் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் விளைகிற அதே வேர்க்கடலை! குறிப்பிட்ட எடையுள்ள கடலையைக் குறிப்பிட்ட தடவைகள் மென்று துப்பச் செய்தார்கள். துப்பியதை நீரில் அலசிச் சல்லடையில் ஊற்றினார்கள். எத்தனை பங்கு சல்லடைக் கண்களின் வழியே இறங்கியது என்பதை வைத்து மெல்லும் திறனுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். சல்லடை பொய் சொல்லாது அல்லவா?

கடைவாய்ப் பற்கள் குறையக் குறைய அந்த எண்ணும் குறைந்தது. 1964-இல் கபூர், சோமன் என்னும் இருவர் பொய்ப்பல் கட்டியவர்களைச் சோதித்தார்கள். இயற்கைப் பற்கள் உள்ளவர் உணவைப் பொடியாக்கும் அளவுக்குப் பொடியாக்க, முழுப் பொய்ப்பல் வரிசை கட்டியவர் பல மடங்கு அதிகமான தடவைகள் மெல்ல வேண்டியிருந்தது. இதில் வியப்பில்லை. இயற்கைப் பல் எலும்பில் ஊன்றி நிற்கிறது. பொய்ப்பல் வரிசையோ ஈறின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கடிக்கும் விசை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுவது உண்டு.

அப்படியானால் பல் குறைந்தவர்கள் அதிக நேரம் மென்று ஈடுகட்டிக்கொள்வார்கள் என்று நினைப்போம். ஆனால் பெரும்பாலோர் அப்படிச் செய்வதில்லை. பழக்கமான அத்தனை தடவைகள் மென்றுவிட்டு, பெரிய துண்டுகளாகவே விழுங்கிவிடுகிறார்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டின.

இன்று வேர்க்கடலைக்குப் பதிலாக இரு நிற மெல்லும் பசையையும் பயன்படுத்துகிறார்கள். குறிப்பிட்ட தடவைகள் மென்றபின் இரு நிறங்களும் எந்த அளவுக்குக் கலந்திருக்கின்றன என்பதைப் படம் பிடித்துக் கணிப்பொறியால் அளக்கிறார்கள். மெல்ல மெல்ல நிறம் மாறும் பசையும் ஜப்பானில் உருவாக்கப்பட்டிருக்கிறது.

மெல்லாவிட்டால் என்ன?

சரி, பெரிய துண்டாகவே விழுங்கினால்தான் என்ன? வயிறு பார்த்துக்கொள்ளாதா? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

1956-இல் பிரிட்டனில் ஃபேரல் என்பவர் ஒரு விநோதமான சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். மென்ற உணவையும் மெல்லாத உணவையும் தனித்தனியே சிறு துணிப்பைகளில் வைத்து விழுங்கச் செய்தார். பைகள் மலத்துடன் வெளியேறியபின் திறந்து, எவ்வளவு உணவு செரிக்காமல் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தார். சோறு, ரொட்டி, மீன், முட்டை போன்றவை மெல்லாவிட்டாலும் செரித்துவிட்டன. சில இறைச்சிகளும் காய்கறிகளும் அப்படிச் செரிக்கவில்லை, மிச்சம் இருந்தது. எல்லா உணவுக்கும் மெல்லுவது ஒரே அளவு அவசியம் அன்று என்பது இதனால் தெரிந்தது.

1986-இல் பிரிட்டனில் நடந்த மற்றொரு சோதனையில், சோறு, உருளைக்கிழங்கு, ஆப்பிள், மக்காச்சோளம் ஆகியவற்றை மென்று உண்டபோதும், மெல்லாமல் விழுங்கியபோதும் இரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்று பார்த்தார்கள். மெல்லாமல் விழுங்கியபோது அது குறைவாகவே ஏறியது. நம் கனசதுரக் கணக்கு நினைவுக்கு வருகிறதா? பரப்பு குறைந்ததால் செரிமானமும் மெதுவானது. (இதைப் படித்துவிட்டுச் சர்க்கரை நோயாளிகள் யாரும் உணவை முழுசாக விழுங்கக் கூடாது. தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.)

2009-இல் அமெரிக்காவில் பாதாம் பருப்பை வைத்துச் செய்த சோதனை இன்னும் தெளிவானது. 13 பேருக்கு அளந்த பாதாமைக் கொடுத்து, ஒரு முறை 10 தடவையும், இன்னொரு முறை 25 தடவையும், பிறகு 40 தடவையும் மெல்லச் செய்தார்கள். 10 தடவை மட்டும் மென்றபோது பருப்பிலிருந்த கொழுப்பில் அதிகமான பங்கு செரிக்காமல் மலத்தில் வெளியேறியது. காரணம், பருப்பின் சத்து செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. செல்சுவர் உடைந்தால்தான் அது வெளியே வரும். அதை உடைப்பது பல்.

இப்படிச் சொன்னதும் சிலர் மறுகோடிக்குப் போய்விடுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஹொரேஸ் ஃப்ளெட்சர் என்ற அமெரிக்கர், எந்த உணவையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும், அதுவே எல்லா நோய்க்கும் மருந்து என்று பிரசாரம் செய்தார். அவருக்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது. அவர் 1919-இல் 69-ஆவது வயதில் காலமானார். மெல்லுவது நல்லது, ஆனால் மந்திரம் அன்று.

களியின் இரகசியம்

இப்போது பாட்டியின் இரு வாக்கியங்களுக்கும் வருவோம். களியை மெல்லாமல் விழுங்கலாம் என்பது ஏன் சரி?

கேழ்வரகு உங்கள் தட்டுக்கு வருமுன்பே எந்திரக்கல்லில் அரைபட்டு மாவாகிவிட்டது. மெல்லுவதால் கிடைக்க வேண்டிய பரப்பு கல்லிலேயே கிடைத்துவிட்டது. கொதிநீரில் வெந்து மாவுப்பொருள் இளகிவிட்டது. துடுப்பால் கிளறிக் கட்டி இல்லாமல் ஆக்கியாயிற்று. மிச்சம் இருப்பது வழுக்கிக்கொண்டு இறங்குவது மட்டும். அதற்குக் குழம்பு இருக்கிறது. உமிழ்நீர் செய்யாமல் விட்ட வேலையைச் சிறுகுடலில் கணையநீர் செய்துவிடும்.

ஆகவே எந்திரக்கல் என்பது வாய்க்கு வெளியே இருக்கும் கடைவாய்ப்பல்! அம்மி, உரல், ஆட்டுக்கல், கீரை கடையும் மத்து எல்லாமே வெளிப்பற்கள்தான். வெளிப்பல் அரைத்த உணவுக்கு உட்பல் தேவையில்லை. வெளிப்பல் தொடாத கடலைக்கும் கொய்யாவுக்கும் உட்பல் தேவை. பாட்டி சொன்ன இரண்டும் சரியே.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் என் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்த ஒன்றை நான் கவனிக்கவில்லை.

அம்மா விட்டுவிட்ட உணவுகள்

என் அம்மாவுக்கு 72 வயதானபோது உடல் இளைக்கத் தொடங்கியது. ரவிக்கைகள் தொளதொளத்தன. நடக்கும்போது களைத்தார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். "சாப்பாடு எப்படி?" என்று அவர் கேட்டார். அம்மாவை முந்திக்கொண்டு நான் சொன்னேன்: "அதில் ஒரு குறையும் இல்லை, டாக்டர். மூன்று வேளையும் சாப்பிடுகிறார். களி ஒருநாளும் தவறுவதில்லை."

மருத்துவர் இரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதினார். பிறகு அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் பேசாமல் அம்மாவிடம் கேட்டார்:

"அம்மா, வேர்க்கடலை சாப்பிட்டு எத்தனை நாள் ஆச்சு?"

அம்மா சிரித்தார். "அது ஆச்சு சாமி, மூணு வருஷம்."

"கொய்யாப்பழம்?"

"பல்லு போனப்பவே அதுவும் போச்சு."

மொச்சைக்கொட்டை, முறுக்கு, வெள்ளரிக்காய், முருங்கைக்கீரைப் பொரியல், கோழிக்கறி என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றிற்கும் ஏறக்குறைய அதே பதில். கீழ்க் கடைவாயில் இருபுறமும் பற்கள் போனதிலிருந்து அம்மா ஒவ்வோர் உணவாக ஒதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியில் மிஞ்சியவை களி, குழைந்த சோறு, ரசம், மோர், தேநீர். வயிறு நிறைந்தது, ஆகவே அவருக்கும் குறை தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, மாணவர்களுக்கு அளவையியல் பாடம் நடத்துகிற நான், அம்மாவின் தட்டில் என்ன குறைகிறது என்று மூன்று ஆண்டுகளாகப் பார்க்கவில்லை.

களி நல்ல உணவுதான். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. ஆனால் அதில் புரதம் ஏழு கிராம் அளவே. வேர்க்கடலையிலோ 25 கிராம். வைட்டமின் சி கேழ்வரகில் இல்லை என்றே சொல்லலாம். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஓர் உணவு எவ்வளவு நல்லதானாலும் அது மட்டுமே உணவாகிவிட்டால் குறை வந்தே தீரும்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

அம்மாவின் கதை ஒரு வீட்டுக் கதை. அதை வைத்து முடிவு கட்டுவது விஞ்ஞானம் ஆகாது. பலரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் உணவையும் பற்களையும் இரத்தத்தையும் சேர்த்து ஆராய்ந்து 1998-இல் அறிக்கை வெளியிட்டார்கள். பல் இல்லாதவர்களில் பலர் ஆப்பிள், பச்சைக் காரட், கொட்டைப் பருப்புகள் ஆகியவற்றை உண்பதில் சிரமப்பட்டார்கள். நார்ச்சத்தும் பழங்களும் அவர்கள் உணவில் குறைந்திருந்தன. இரத்தத்தில் வைட்டமின் சி-யின் அளவும், பல் உள்ளவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

பல் போனதால் வரும் கெடுதல், செரிமானக் குறைவைவிட உணவுத் தேர்விலேயே அதிகம் என்று இதிலிருந்து கருத இடமுண்டு. மெல்ல முடியாதவர் கஷ்டப்பட்டு மெல்லுவதில்லை. மெல்ல வேண்டிய உணவையே விட்டுவிடுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஏழ்மை, புகைப்பழக்கம், சர்க்கரை நோய் ஆகியவை பல்லையும் கெடுக்கும், உடலையும் கெடுக்கும். ஆகவே பல் போனவர்களிடம் காணும் நோய்களுக்கெல்லாம் பல்லைக் காரணம் காட்ட முடியாது. இதைப் பிரித்தறியத்தான் விஞ்ஞானிகள், ஒரு குழுவுக்கு ஒன்றைக் கொடுத்து மற்றொரு குழுவுக்குக் கொடுக்காமல் ஒப்பிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஓர் ஆராய்ச்சி 2006-இல் பிரிட்டனிலிருந்து வெளியானது. பல் இல்லாதவர்களுக்குப் புதிய பொய்ப்பல் கட்டினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், எதை எப்படி உண்ணலாம் என்ற ஆலோசனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆலோசனை பெற்றவர்கள் பழமும் காய்கறியும் உண்பதை அதிகமாகக் கூட்டினார்கள். பல்லைக் கட்டிவிட்டால் மட்டும் போதாது. பல ஆண்டுகளாக விட்டுப்போன பழக்கத்தையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

எத்தனை பற்கள் போதும்?

முப்பத்திரண்டும் இருந்தால்தான் மெல்ல முடியுமா? நெதர்லாந்தைச் சேர்ந்த கைசர் என்ற பல் மருத்துவப் பேராசிரியர் 1981-இல் இதை ஆராய்ந்தார். நல்ல நிலையில், ஒன்றோடொன்று பொருந்தும்படி, ஏறக்குறைய 20 பற்கள் இருந்தால் பெரும்பாலோர் திருப்தியாக உண்ண முடிகிறது என்று கண்டார்.

ஜப்பான் 1989-இல் '8020' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்பது அதன் பொருள். தொடங்கியபோது அந்த இலக்கை எட்டியவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2016-இல் எடுத்த கணக்கில் பாதிப்பேருக்கு மேல் எட்டியிருந்தார்கள். முதுமையில் பல் போவது தலைவிதி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் வட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பழுப்பு நிறக் கறை படிந்த பற்களை நிறையப் பார்க்கலாம். நிலத்தடிப் பாறைகளிலிருந்து குடிநீரில் கரையும் ஃபுளோரைடே இதற்குக் காரணம். சென்னை கிண்டியிலுள்ள கிங் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட் முதலியோர் 1937-இலேயே, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரைடால் எலும்புகளும் கெடுவதை விவரித்தார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

கறை இலேசாக இருந்தால் பல்லின் மெல்லும் வேலைக்குக் குறைவில்லை. அதற்காக வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டியதில்லை. கறை கடுமையாகி எனாமலில் குழிகள் விழுந்தால் பல் பெயரத் தொடங்கும். அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று பாக்கும் குட்காவும். ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் இரவு வேலை பார்ப்பவர்கள் சிலர், தூக்கம் வராமலிருக்க இவற்றை வாயில் அடக்கிக்கொள்கிறார்கள். இதனால் கன்னத்தின் உட்புறம் நாராகி இறுகுகிறது. பம்பாயில் ஜோஷி என்ற மருத்துவர் இந்நோயை விவரித்தார். முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். எல்லாப் பற்களும் இருந்தும் உண்ண முடியாத நிலை இது. இது புற்றுநோயாகவும் மாறலாம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது. உங்கள் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் சரி. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது நுழையாவிட்டால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

மூன்றாவது உங்களைப் பற்றியது. ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால் முதல் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் புதிதாக முளைப்பதால், அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது! உங்கள் தம்பி தங்கைகளின் வாயைத் திறந்து, பின்னாலிருக்கும் அந்தப் பல்லைப் பாருங்கள். கருப்புப் புள்ளி இருந்தால் வீட்டில் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

வறுத்த வேர்க்கடலை 3 கிராம், பள்ளி ஆய்வுக்கூடத் தராசு, கண்கள் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உள்ள சல்லடை, இரு கிண்ணங்கள் இவை போதும். கடலையை 20 தடவை மென்று ஒரு கிண்ணத்தில் துப்புங்கள். வாயைக் கொப்பளித்து அந்த நீரையும் அதிலேயே விடுங்கள். எல்லாவற்றையும் சல்லடையில் ஊற்றி மேலும் ஒரு சொம்பு நீர் விட்டு அலசுங்கள். சல்லடையில் தங்கியதைக் காகிதத்தில் பரப்பி வெயிலில் நன்றாக உலர்த்தி நிறுங்கள். 1 கிராம் தங்கியிருந்தால் 2 கிராம் இறங்கிவிட்டது. அதாவது உங்கள் எண் 67 விழுக்காடு. பிறகு முன்பற்களால் மட்டும் மென்று மறுபடி செய்யுங்கள். நெம்புகோல் பாடம் கண்ணுக்கே தெரியும்.

மெல்லும்போது பேசவோ சிரிக்கவோ கூடாது. வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் இதைச் செய்யக் கூடாது. சிறு குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் இச்சோதனை வேண்டவே வேண்டாம். கடலை மூச்சுக்குழலில் புகுந்துவிடும்.

முதியவர்களுக்கு வேறு சோதனை உண்டு; அதற்குத் தராசு வேண்டாம். தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்காதீர்கள்; "சாப்பிட்டேன்" என்றுதான் பதில் வரும். "முன்னே விரும்பிச் சாப்பிட்டு, இப்போ விட்டுட்டது எது?" என்று கேளுங்கள். கிடைக்கும் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் நீண்டால் பெற்றோரிடம் காட்டி, அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். உடல் இளைத்திருந்தால் பொது மருத்துவரையும் பார்க்க வேண்டும். இளைப்புக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

அம்மாவுக்கு இப்போது பொய்ப்பல் கட்டியிருக்கிறது. பழகுவதற்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. ஆனால் அதற்கு முன்பே மருத்துவர் சொன்னபடி வீட்டில் மாற்றம் செய்துவிட்டோம். கடலையைப் பொடியாக்கிச் சட்னியாகவும் உருண்டையாகவும் கொடுத்தோம். கீரையைப் பொரிப்பதை விட்டு மத்தால் கடைந்தோம். கனிந்த கொய்யாவை விதை நீக்கிப் பிசைந்து கொடுத்தோம். மொச்சையை வேகவைத்து அம்மியில் மசித்தோம். கேழ்வரகுக்கு நம் முன்னோர் செய்ததை மற்ற உணவுகளுக்கும் செய்தோம், அவ்வளவுதான்.

போன மாதம் அம்மா வெந்த வேர்க்கடலையைத் தாமே உரித்துத் தின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எத்தனை தடவை மெல்கிறார் என்று எண்ணினேன்.

"என்னடா வாயையே பாக்கறே?" என்றார்.

"ஒன்றுமில்லை, அம்மா. நன்றாக மென்று தின்னுங்கள்" என்றேன்.